சுரையா எங்கே?

நம் சமுதாயத்து மேடைகளில் வழிவழியாக வரும் ஒரு வழக்கம் உண்டு. மீலாது விழாவாகட்டும், இலக்கிய மாநாடாகட்டும், பேச எழும் பெருமகனார், "உலகத்து வானியலார் நாவில் இன்றும் வழங்கும் விண்மீன் பெயர்கள் எம்மொழிப் பெயர்கள்? அரபு மொழிப் பெயர்கள் அல்லவா?" என்று முழங்குவார். அல்தபரான் என்பார், ரிகல் என்பார், வேகாவும் அல்டேரும் தெனெபும் வரிசையாக வரும். நிலைமீன்களைப் பற்றிப் பெருநூல் யாத்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபியின் பெயர் வரும். சமர்க்கந்தில் வான்நோக்குக் கூடம் எழுப்பிய உலூக் பேக்கின் பெயர் வரும். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

சொல்வதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் அப்பெருமகனாரை ஒன்று கேட்கலாம். கூட்டம் கலைந்தபின் வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, "இதோ, இதுதான் நான் சொன்ன தெனெப்" என்று ஒரே ஒரு சிறுவனுக்குச் சுட்டிக் காட்டுவாரா? காட்டமாட்டார். அவருக்கு அம்மீன் தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்திருந்தாலும், அவர் பேசிய மேடையைச் சுற்றி வானை நோக்கித் திருப்பி வைத்த போகஸ் விளக்குகள் அதைக் காட்டவிடா என்பது மற்றொரு காரணம். முன்னோர் பெயரிட்ட மீன்களைப் பற்றிப் பெருமை பேசும் விழாவே அம்மீன்களை மறைக்கும் திரையாகிவிட்டது.

மக்களுக்கு நாம் இடும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். சுரையா என்கிறோம், சுஹைல் என்கிறோம், தாரிக் என்கிறோம், நஜ்மா என்கிறோம். சுரையா என்பது கார்த்திகை மீன்கூட்டம். தமிழ் உழவர் ஆறாமீன் என்று அழைப்பதும் அதுவே. சுஹைல் என்பது அகத்தியமீன். தென்வானில் ஒளிர்ந்து, அரபுப் பாலைவனத்தானுக்கும் இந்துமாக்கடல் மாலுமிக்கும் திசை காட்டிய மீன். தாரிக் என்பது இரவில் தோன்றும் ஒளிமீனைக் குறித்துத் திருமறையின் 86-ஆம் அத்தியாயத்துக்குப் பெயராய் அமைந்த சொல். ஊர் முழுவதும் சுரையாக்களும் சுஹைல்களும் நிறைந்திருக்கிறார்கள். தம் பெயருக்குரிய மீனைக் கண்ணால் கண்டவர் அவர்களுள் எத்தனை பேர்? பெயரைச் சூட்டிவிட்டுப் பெயருக்குரிய பொருளை அழிப்பது எந்த வகை மரபுப் பற்று?

"அழிப்பது" என்னும் சொல் கடுமையானது என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மீன்கள் எங்கும் போய்விடவில்லை. அங்கேயேதான் இருக்கின்றன என்பர். புதையல் மண்ணுக்கடியில் அப்படியேதான் இருக்கிறது. ஆயினும் தோண்ட இயலாதவனுக்கு அது இல்லாத பொருளே அன்றோ? காணமுடியாத வானம், அதைக் காணமுடியாதவர்க்கு இல்லாத வானமே.

நடப்பது இதுதான். விளக்கின் ஒளி தரையில் விழ வேண்டியது. மூடியில்லாத விளக்கிலும், வானை நோக்கிச் சாய்த்த விளக்கிலும் அவ்வொளியின் ஒரு பங்கு பக்கவாட்டிலும் மேலேயும் சிந்துகிறது. சிந்திய ஒளி காற்றின் மூலக்கூறுகளிலும் புழுதியிலும் ஈரத்திலும் மோதிச் சிதறி, நம் தலைக்குமேல் ஒரு மங்கிய ஒளிக்கூரையாகப் பரவுகிறது. அக்கூரையைக் காட்டிலும் மங்கலான எந்த மீனும் கண்ணுக்குப் புலனாகாது. பகலில் மீன்கள் ஏன் தெரிவதில்லை என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைதம் தம் ஒளியியல் நூலில் ஆராய்ந்தார். இடையிலுள்ள காற்று ஒளியேறி நிற்பதே காரணம் என்று விளக்கினார். அவர் பெயரையும் நாம் மேடையில் சொல்லத் தவறுவதில்லை. அவர் சொன்ன செய்தியைத்தான் கேட்டபாடில்லை.

இதன் அளவைக் கணக்கிட்டுச் சொல்லலாம். தூய இருள்வானில் நல்ல வெறுங்கண்ணுக்கு ஆறாம் ஒளித்தரத்துக்கும் சற்று மேற்பட்ட மீன்கள் வரை தெரியும். முழு வானிலும் அத்தகையவை ஏறத்தாழ 9,000. மூன்றாம் ஒளித்தரத்தோடு கண் நின்றுவிட்டால் எஞ்சுபவை இருநூறுக்கும் குறைவு. அவற்றிலும் ஒரு நேரத்தில் அடிவானுக்கு மேல் இருப்பவை பாதியே. 2016-இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, உலக மக்களில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் ஒளி மாசுற்ற வானின்கீழ் வாழ்கின்றனர். மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலானோர்க்குத் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதி தெரிவதே இல்லை. 2011 முதல் 2022 வரை ஆர்வலர்கள் வெறுங்கண்ணால் கண்டு அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, வானின் ஒளிர்வு ஆண்டுதோறும் 7 முதல் 10 விழுக்காடு வரை கூடிவருகிறது என்று கண்டது. அக்குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. புறநகர்கள் இரவோடிரவாக முளைக்கும் நம் நாட்டு நிலை அதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

நம் தலைநகரையே எடுத்துக்கொள்வோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வான்நோக்குக் கூடம் ஒன்று எழுந்தது. அதன் கருங்கல் தூண் தமிழெழுத்துகளையும் தாங்கி இன்றும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து டெய்லர் என்பார் 11,000-க்கும் மேற்பட்ட மீன்களை அளந்து 1844-இல் அட்டவணை வெளியிட்டார். அங்கிருந்துதான் 1861-இல் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். அங்கிருந்துதான் 1867-இல் சிந்தாமணி இரகுநாதாச்சாரி ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பதினோராயிரம் மீன்களை எண்ணிய அதே இடத்தில் இன்று ஒருவன் நின்று மேலே நோக்கினால், இரு கை விரல்களும் கால் விரல்களும் சேர்ந்தாலே எண்ணிக்கை முடிந்துவிடும்.

மாநகரின் நெஞ்சத்தில் அது தவிர்க்க முடியாதது என்று விட்டுவிடலாம். புறநகரைப் பற்றியதே என் வழக்கு. தாம்பரமும் வண்டலூரும் மறைமலைநகரும் கேளம்பாக்கமும் அண்மைக் காலம் வரை வயலும் ஏரியும் சூழ்ந்த ஊர்கள். மக்கள் அங்கே குடிபெயர்ந்தது காற்றுக்காகவும் அமைதிக்காகவும். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் பால்வீதி தெரிந்த ஊர்கள் அவை. அங்கே போய்க் குடியேறிய நாம் செய்த முதல் வேலை, எதைத் தேடிப் போனோமோ அதை ஒழித்ததுதான். சாலைக்குச் சாலை வெள்ளை எல்.ஈ.டி.; மனைப்பிரிவின் வாயிலுக்கு வளைவு விளக்கு; கடைக்குக் கடை ஒளிப்பலகை; வீட்டுக் கைப்பிடிச் சுவரின் நான்கு மூலையிலும் நான்கு போகஸ் விளக்குகள். திருடனுக்காகப் போட்டவை என்பர். திருடன் வருகிறானோ இல்லையோ, அடுத்த வீட்டுக் குழந்தையின் உறக்கம் போய்விட்டது.

எல்.ஈ.டி. என்றதும் சிக்கனம் என்பார்கள். 2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எல்.ஈ.டி. தெருவிளக்குகள் நாடெங்கும் பொருத்தப்பட்டுள்ளன. மின்சாரம் மிச்சமாயிற்று, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி போய், நீலம் மிகுந்த வெள்ளொளி வந்தது. ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் காற்றில் அது சிதறுவது பன்மடங்கு மிகும். பகல் வானம் நீலமாய் இருப்பதன் காரணமே அதுதான். ஆகவே வெள்ளை விளக்கு வானை வெளிறச் செய்யும் ஆற்றலில் மஞ்சள் விளக்கை விஞ்சி நிற்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இலேயே, தெருவிளக்கின் நிறவெப்பம் 3,000 கெல்வினை மிஞ்சலாகாது என்று அறிவுரை கூறியது. மேலும், விளக்கு மலிந்ததும் நாம் மிச்சத்தைச் சேமித்தோமா? இல்லை. ஒன்று இருந்த இடத்தில் நான்கு மாட்டினோம். சிக்கனம் ஊதாரித்தனத்தின் முதலாகிவிட்டது.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். முதல் வாதம் பாதுகாப்பு. வெளிச்சம் குறைந்தால் பெண்கள் எவ்வாறு நடமாடுவர் என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. நியூயார்க்கின் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றில் விளக்குகளைக் கூட்டிச் செய்த சோதனையில் இரவுக் குற்றங்கள் குறைந்தது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், தெருவிளக்குகளைக் குறைத்ததாலோ சில மணிநேரம் அணைத்ததாலோ குற்றமும் விபத்தும் பெருகியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாவது ஒன்றே: வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எங்கே விழுகிறது என்பதே முதற்கேள்வி. நடப்பவரின் காலடியில் விழும் ஒளி காவல். அவர் கண்ணில் அறையும் ஒளி கேடு. ஏனெனில் கூசும் கண்ணுக்கு விளக்கின் பின்னால் நிற்பவன் தெரிவதில்லை. வானத்தில் விழும் ஒளியோ எவரையும் காப்பதில்லை. மேகத்தில் ஏறித் திருட வருபவன் எவன்?

இரண்டாம் வாதம் முன்னேற்றம். ஒளிமயமான ஊரே உயர்ந்த ஊர் என்பர். முன்னேறிய நாடுகள் வேறு வழியில் சென்றுகொண்டிருப்பதை இவர்கள் அறியார். அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-இலேயே விளம்பரத் தேடொளி விளக்குகளுக்குத் தடை விதித்தது. சுலோவேனியா 2007-இல் ஒளிமாசுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. பிரான்ஸ் 2013-இல் கடைச் சாளர விளக்குகளை நள்ளிரவுக்குப்பின் அணைக்கப் பணித்து, 2018-இல் அவ்விதிகளை மேலும் இறுக்கிற்று. நம் நாட்டிலும் லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளிச்சத்தை வாரி இறைப்பது நாகரிகமன்று. அளந்து பயன்படுத்துவதே நாகரிகம்.

மூன்றாம் வாதம் வானத்தை விரும்புவோரிடமிருந்தே வருகிறது; எனக்கு மிகுந்த வருத்தம் தருவதும் அதுவே. "ஊரில் பார்ப்பது வீண், ஏலகிரிக்குப் போங்கள், சவ்வாது மலைக்குப் போங்கள்" என்கின்றனர். சவ்வாது மலையின் காவலூரில் 1968 முதல் வானாய்வு நடைபெறுகிறது; 1986-இல் அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அந்நாளில் ஆசியாவிலேயே பெரியது. பின்னர் ஆய்வாளர்கள் இமயத்தின் ஹான்லே வரை ஏறினார்கள். ஆய்வாளர் ஏறலாம்; அவர் தொழில் அது. மகிழுந்து உடையவர் விடுமுறையில் மலைக்குப் போகலாம். போகிற இடத்துக்கு விடுதியையும் அதன் விளக்கையும் கூட அழைத்துச் செல்லலாம். பம்மலிலும் அனகாபுத்தூரிலும் ஒற்றை அறை வாடகை வீட்டில் வாழும் தோல்பதனிடும் தொழிலாளியின் மகள் எங்கே போவாள்? வானம் ஒன்றுதான் செல்வனுக்கும் வறியவனுக்கும் வேறுபாடின்றிக் கிடைத்த காட்சி. அதையும் பயணச்சீட்டு வாங்கிக் காணும் பொருளாக்கிவிட்டோம்.

விட்டு ஓட வேண்டியதில்லை. புறநகர் வானமும் முற்றிலும் மாண்டுவிடவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தெருவிளக்கு கண்ணில் படாதபடி அமர்ந்து, கைப்பேசியைத் தொடாமல் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். இருளுக்குக் கண் பழக அவ்வளவு நேரம் தேவை. தை மாத முன்னிரவில் ஏறத்தாழ உச்சியில், மங்கிய புகைத்திட்டாய்ச் சுரையா தெரிவாள். அவளைப் பின்தொடரும் செம்மீன் அல்தபரான். பின்தொடர்வது என்பதே அச்சொல்லின் பொருள். தமிழில் அது உரோகிணி. சற்றே கிழக்கில் செந்நிறத் திருவாதிரை. தென்வானில் தாழ சுஹைல். ஆனால் வடவானின் அருந்ததியைத் தேடாதீர்கள். அரபியர் அதைச் சுஹா என்றனர். கண்ணின் கூர்மையைச் சோதிக்கும் மீன் அது. தான் சுஹாவைக் காட்ட, மற்றவரோ நிலவைக் காட்டுகிறார் என்று அவர்களிடையே ஒரு பழமொழியும் உண்டு. மணமக்களுக்கு அருந்ததி காட்டும் இந்துச் சகோதரரும், சுஹா என்று பெயரிட்ட அரபியரும் ஒரே மீனைத்தான் சுட்டினர். இன்று நம் ஊரில் இரு சாராரும் காட்டக்கூடியது நிலவை மட்டுமே.

இங்கே நம்மையே நோக்கிக் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. அமெரிக்காவின் டூசான் நகரில் 2019-இல் தெருவிளக்குகளைக் கூட்டியும் குறைத்தும் செயற்கைக்கோளிலிருந்து அளந்தபோது, நகரிலிருந்து மேலெழும் ஒளியில் தெருவிளக்குகளின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே என்று கண்டனர். எஞ்சியது கடைகள், கட்டடங்கள், விளம்பரங்கள், மைதானங்கள், வீடுகள் ஆகியவற்றின் ஒளி. நம் ஊரின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆயினும் மாநகராட்சியின் மீது பழிபோட்டுவிட்டு நாம் கைகழுவ இயலாது என்பது உறுதி. பள்ளிவாசல் மினாராவின் அடியில் மேல்நோக்கிப் புதைத்த விளக்குகளை மாட்டியவர் யார்? கந்தூரிக்கும் மீலாதுக்கும் கட்டிய சீரியல் விளக்குகள் விழா முடிந்தபின்னும் விடியவிடிய எரிவது யார் செலவில்? ஒளுச் செய்யும் தண்ணீரில்கூட விரயம் கூடாது என்று மத்ரஸாப் பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். அப்பள்ளியின் உச்சியிலேயே இரவெல்லாம் ஒளியை வானில் கொட்டி விரயம் செய்கிறோம். பிள்ளை எதைக் கற்கும்? சொல்லையா, செயலையா?

இருளோடு நமக்குள்ள உறவு பிறரைவிட நெருக்கமானது. பிறையை விளக்கொளி மறைக்கிறது என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். பிறை தோன்றுவது அந்திப்பொழுதில். அதற்குத் தடை அந்தியொளியும் மேகமும் அடிவானப் புழுதியுமே. ஆனால் வைகறை? நம் மார்க்க அறிஞர் பொய் வைகறை என்றும் மெய் வைகறை என்றும் இரண்டைப் பிரித்துக் கூறினர். கிழக்கில் கூம்புபோல் நிமிர்ந்து எழுந்து மங்கும் ஒளி சுபுஹு காதிப். அடிவானில் கிடையாகப் பரவும் ஒளி சுபுஹு சாதிக். முன்னது, கோள்களின் இடைவெளியில் மிதக்கும் நுண்துகள்களில் கதிரவனொளி பட்டுச் சிதறுவதால் எழுவது என்பது இன்றைய அறிவியல். ஓநாயின் வால் என்று அரபியர் உவமை சொன்ன அக்காட்சி, ஒளி சூழ்ந்த எந்த ஊரிலிருந்தும் தெரியாது. அதைப் பாடத்தில் ஓதுகிறோம், ஓதுவிக்கிறோம். ஓதியவரும் கண்டதில்லை, ஓதுவித்தவரும் கண்டதில்லை. நாட்காட்டியில் அச்சடித்த மணியே நமக்கு வைகறையாகிவிட்டது.

2025-இன் ரமளான் மார்ச் மாதத்தில் வந்தது. சஹருக்கு எழுந்த நேரத்தில் தெற்கே விருச்சிகம் நின்றது. கிழக்கே வேகாவும் அல்டேரும் தெனெபும் எழுந்திருந்தன. அவற்றினூடே பால்வீதி கிடந்தது. ஊர் உறங்கும் பொழுதில் விழித்திருக்கும் ஒரு சமுதாயத்துக்கு அதைவிடப் பெரிய விருந்து ஏது? புறநகர்களில் விழித்திருந்த ஆயிரமாயிரம் பேருக்கு அவ்விருந்து பரிமாறப்பட்டும் இலை காலியாகவே இருந்தது.

கப்பல் செலுத்துவோனைக் குறிக்கும் மாலுமி என்னும் தமிழ்ச்சொல், ஆசானைக் குறிக்கும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த இராப்பலகையால் துருவமீனின் உயரத்தை அளந்து கடல் கடந்தனர். அவர்களுக்கு விண்மீன் பெருமையன்று, பிழைப்பு. பெயர்கள் நிலைத்தது அவர்கள் பார்த்ததால்தான். பார்ப்பாரற்ற பெயர் எத்தனை நாள் நிலைக்கும்?

மற்ற மாசுகளுக்கும் இதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பாலாற்றைக் கெடுத்தோம், அதைத் தூய்மை செய்யத் தலைமுறைகள் வேண்டும். வானத்தைத் தூய்மை செய்ய ஒரு பொத்தான் போதும். அணைத்த கணமே அவ்விளக்கின் மாசு முற்றும் நீங்கிவிடும். இவ்வளவு எளிய கடமையைச் செய்யாதிருப்பதற்கு வறுமை காரணமன்று, அறியாமையும் காரணமன்று. அக்கறையின்மை ஒன்றே காரணம்.

ஆகவே ஜமாஅத்துப் பொறுப்பாளர்களுக்கும், குடியிருப்போர் சங்கத்தாருக்கும், வீட்டுக்காரர்களுக்கும் நான் சொல்வன ஐந்தே. தேவையில்லாத விளக்கை எரிக்க வேண்டாம். எரியும் விளக்குக்கு மூடியிட்டு ஒளியைக் கீழே திருப்புங்கள். தேவைக்கு மிஞ்சிய வலுவுள்ள விளக்கைப் போடாதீர்கள். வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் ஒளியைத் தேர்ந்தெடுங்கள். அலங்கார விளக்கை இஷாத் தொழுகைக்குப்பின் அணைத்துவிடுங்கள். இவற்றுள் எதற்கும் நன்கொடை வசூலிக்க வேண்டியதில்லை. சிலவற்றால் மின்கட்டணம் குறையும்.

அடுத்த பொதுக்குழுவில், மினாராவின் விளக்குக்கு நேரம் குறிக்கும் தீர்மானம் ஒன்றை எவரேனும் எழுந்து முன்மொழியட்டும். எதிர்ப்பவர் எழுந்து காரணம் சொல்லட்டும். அத்தீர்மானம் நிறைவேறாத ஊரில், விண்மீன்களுக்கு அரபுப் பெயர் உண்டென்று மேடையேறிப் பேசும் உரிமை எவருக்கும் இல்லை.